வாசகர் கேட்கிறார்: சிமியோனேயை மாட்ரிட் ஏன் இப்படிக் கொண்டாடுகிறது?

ஸ்பெயின் நாட்டுக் கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றி நாம் முன்னர் வெளியிட்ட கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர், அத்லெட்டிகோ மாட்ரிட் அணியின் பயிற்சியாளர் டியேகோ சிமியோனேயைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த முறை கேள்வி-பதில் பகுதி முழுவதும் அவருக்கே.

கார்டியோலாவும் அன்செலோட்டியும் சிமியோனேயைவிடப் பல மடங்கு கோப்பைகளை வென்றவர்கள். இருந்தும், எந்த ரசிகர் கூட்டமும் தன் பயிற்சியாளரை அத்லெட்டிகோ ரசிகர்கள் சிமியோனேயைக் கொண்டாடும் அளவுக்குக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. இதற்கு என்ன காரணம்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

கோப்பைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் வியப்பு நியாயமானதே. ஆனால் சிமியோனே மீது அந்த ரசிகர்கள் வைத்திருக்கும் அன்பு, அவர் பயிற்சியாளராக வென்ற முதல் கோப்பைக்கும் மிகவும் முந்தியது. 1994இல் செவில்லா அணியிலிருந்து வந்து சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட சட்டையை அணிந்த அவர், ரதோமிர் அந்திச்சின் பயிற்சியில் அத்லெட்டிகோ 1995-96 பருவத்தில் ஸ்பெயினின் முதல்நிலை லீகான லா லிகா பட்டத்தையும் அரசர் கோப்பையையும் ஒருசேர வென்றபோது நடுக்களத்தின் தூணாக இருந்தார். நடுக்கள வீரராக இருந்தும் அந்த லீகில் மட்டும் 12 கோல்கள் அடித்தார். 1996 மே 25 அன்று விசென்ட்டே கால்டெரோன் மைதானத்தில் அல்பசெட்டே அணியை 2-0 என வென்று பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில், முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் அவர்தான். 'சோலோ' என்ற அவருடைய பட்டப்பெயரைச் சேர்த்து 'ஓலே, ஓலே, ஓலே, சோலோ சிமியோனே' என்று ரசிகர்கள் இன்றும் பாடும் பாட்டு அவருடைய ஆட்டக்கார நாட்களிலேயே பிறந்துவிட்டது.

அதன்பின் அவர் இத்தாலிக்குப் போய், 2000இல் லாட்சியோ அணியோடு அந்நாட்டு லீக் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் அத்லெட்டிகோ இரண்டாம் நிலை லீகுக்குத் தள்ளப்பட்டு இரண்டு பருவங்கள் அங்கேயே கிடந்தது. 2002இல் மேலே ஏறி வந்த பிறகும் அந்த அணியால் பழைய நிலையை எட்ட முடியவில்லை. 1999க்குப் பிறகு ஒரே ஊர்க்காரர்களான ரியல் மாட்ரிட்டை அது ஒரு முறைகூட வெல்லவில்லை. 'கௌரவமான ஆட்டம் ஆட, தகுதியுள்ள எதிராளி தேவை' என்று 2011இல் ரியல் ரசிகர்கள் விளம்பரம் போலப் பதாகை எழுதிப் பிடித்தார்கள் என்றால், அந்த நாட்களில் அத்லெட்டிகோ சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன மாட்ரிட் பிள்ளைகள் எதையெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த அதே அல்பசெட்டே அணியிடம் தோற்று அத்லெட்டிகோ அரசர் கோப்பையிலிருந்து வெளியேறியது. பயிற்சியாளர் கிரெகோரியோ மன்சானோ நீக்கப்பட்டார். டிசம்பர் 23 அன்று சிமியோனே பொறுப்பேற்றார். லீகிலிருந்து கீழிறங்கும் இடங்களுக்குச் சில புள்ளிகளே மேலே இருந்த அணி, ஐந்து மாதங்களுக்குள் புகாரெஸ்ட் நகரில் அத்லெட்டிக் பில்பாவோவை 3-0 என வென்று ஐரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. 2013 மே 17 அன்று ரியலின் சொந்த மைதானமான பெர்னபேயுவிலேயே நடந்த அரசர் கோப்பை இறுதிப்போட்டியில், முதலில் ரொனால்டோவிடம் கோல் வாங்கியும், டியேகோ கோஸ்டாவால் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் மிராண்டாவின் கோலால் 2-1 என வென்றபோது பதினான்கு ஆண்டு அவமானம் தீர்ந்தது. மறு ஆண்டே லா லிகா பட்டமும் வந்தது.

நான் புரிந்துகொண்ட அளவில், அவருடைய செல்வாக்கின் இரகசியம் இதுதான்: தோற்றுத் தோற்றுக் கூசிப்போயிருந்த ஒரு கூட்டத்திடம், அவர்களில் ஒருவராக ஏற்கெனவே நின்று வென்று காட்டிய மனிதர் திரும்பி வந்து, அவர்களைத் தலைநிமிர வைத்தார். வெளியிலிருந்து அழைத்து வரப்பட்ட ஒரு நிபுணர் இதே கோப்பைகளை வென்று கொடுத்திருந்தால் அவருக்கு மரியாதை கிடைத்திருக்கும். இந்த அன்பு கிடைத்திருக்காது.

1998 உலகக் கோப்பையில் டேவிட் பெக்கம் வெளியேற்றப்படக் காரணமாக இருந்தவர்தானே இந்தச் சிமியோனே? அப்படிப்பட்டவரை ஓர் ஊரே நேசிப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.
– ஆசிரியை, தூத்துக்குடி

அவரேதான். பிரான்சின் செந்த் எத்தியென் நகரில் நடந்த அர்ஜென்டினா-இங்கிலாந்து ஆட்டத்தில், சிமியோனே மோதியதால் கீழே விழுந்து கிடந்த பெக்கம் படுத்தபடியே காலை உயர்த்தி அவரை உதைத்தார். உதை லேசானது, ஆனால் சிமியோனே விழுந்த விதம் லேசானதல்ல. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். தான் அதை மிகைப்படுத்தியதைப் பின்னாளில் சிமியோனேயே ஒப்புக்கொண்டார். 1996 டிசம்பரில் பில்பாவோவில் ஹூலன் கெரேரோவின் தொடையை அவர் காலணி ஆணிகளால் மிதித்து இரத்தம் வரச் செய்த சம்பவம் இதைவிட மோசமானது. பயிற்சியாளரான பிறகும், 2019இல் யுவெண்டஸுக்கு எதிராகத் தம் அணி கோல் போட்ட மகிழ்ச்சியில் அநாகரிகமான சைகை ஒன்றைச் செய்து அபராதம் கட்டினார்.

இவற்றை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. உங்கள் உறுத்தல் சரியானது. ஆனால் அந்த மனிதரை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அர்ஜென்டினாவுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் ஆடி, 1991, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோபா அமெரிக்கா வென்ற ஒருவர், பிறரை மிதித்தே அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. எதிரணியின் பந்தைப் பறிப்பது, பறித்ததை உடனே பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது, யாரும் எதிர்பாராத நேரத்தில் கோல் வாயிலுக்குள் ஓடிப்போய்த் தலையால் முட்டுவது ஆகிய மூன்றையும் தொண்ணூறு நிமிடமும் சலிக்காமல் செய்தவர் அவர். அத்லெட்டிகோ ரசிகர்கள் நேசிப்பது அந்தச் சலிக்காத உழைப்பை. மற்றவற்றை அவர்கள் மன்னிக்கிறார்கள். சில வேளைகளில் மன்னிக்கத் தேவையே இல்லை என்றும் நினைக்கிறார்கள். அங்கேதான் நான் அவர்களோடு மாறுபடுகிறேன்.

தற்காத்து ஆடுவதே அவருடைய பாணி என்கிறார்கள். கோல் அடிக்காமல் தடுப்பதையே வேலையாகக் கொண்ட ஆட்டத்தை ரசிகர்கள் எப்படி விரும்புகிறார்கள்?
– வங்கி ஊழியர், திருச்சி

முதலில் ஒரு திருத்தம். பட்டம் வென்ற 2013-14 பருவத்தில் அத்லெட்டிகோ 38 ஆட்டங்களில் 77 கோல்கள் அடித்தது. வாங்கியது 26 மட்டுமே. தடுப்பதே வேலையாகக் கொண்ட அணியின் கணக்கு இதுவல்ல. அதே சமயம், 2015-16இல் 38 ஆட்டங்களில் வெறும் 18 கோல்களே வாங்கினார்கள் என்பதும் உண்மை. கோல்காப்பாளர் ஓப்லாக்கின் திறமைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அந்த ஆண்டுகளின் ஆட்டமுறையைத் தொலைக்காட்சியில் சற்றுக் கவனித்தாலே புரியும். பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் நால்வர் என இரண்டு வரிசைகள். அவற்றுக்கு இடையே எதிராளி திரும்பி நிற்கக்கூட இடமிருக்காது. நடுவே வழி கிடைக்காத எதிரணி பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோகும். அது ஓரக்கோட்டை நெருங்கிய நொடியில் பக்கவாட்டுத் தற்காப்பாளர், ஓர நடுக்கள வீரர், மைய நடுக்கள வீரர் ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து மூலையில் முடக்குவார்கள். பந்து பறிபட்டதும் இரண்டு மூன்று தொடுதல்களில் அது கோஸ்டாவின் கால்களுக்குப் போய்ச் சேரும். இதற்கு மேல் கார்னர் உதைகளையும் ஃப்ரீ கிக்குகளையும் அவர்கள் பயிற்சிக் களத்தில் அலுக்காமல் ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்சிலோனா அழகாக ஆடியபோது பார்வையாளருக்கு இருந்த வேலை இரசிப்பது மட்டுமே. அத்லெட்டிகோவின் ஆட்டத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. கறுப்பு உடையில் கோட்டோரம் நிற்கும் சிமியோனே, அணி திணறும் நேரத்தில் ஆட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்வையாளரை நோக்கி இரண்டு கைகளையும் மேலே மேலே உயர்த்துவார். அவர் கை உயர உயர மைதானத்தின் கூச்சலும் உயரும். ஒரு பந்தைப் பறித்ததற்கு, கோல் அடித்ததற்கு இணையான ஆரவாரம் எழும் மைதானம் அது. கூலி வேலை, கடை வேலை என்று உழைத்துவிட்டு வரும் மக்கள் பரம்பரையாக ஆதரித்து வரும் அணியில், உழைப்பே ஆட்டமாக மாறியதைப் பார்த்தபோது அவர்களுக்கு அது சொந்தமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிகளிலும் பரம எதிரியான ரியலிடமே தோற்றார். வேறு எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் துரத்தியிருப்பார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

தோல்விகளின் ஆழம் தெரிந்தால் உங்கள் கேள்வியின் கூர்மை இன்னும் கூடும். 2014 மே 24, லிஸ்பன். கோதின் அடித்த கோலால் 1-0 என முன்னிலையில் இருந்த அத்லெட்டிகோ, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் கூட்டப்பட்ட நேரத்தின் மூன்றாம் நிமிடம் வரை ஐரோப்பாவின் சாம்பியன். அப்போது வந்த கார்னரில் ரியலின் செர்ஜியோ ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். கால்கள் ஓய்ந்துபோன நிலையில் கூடுதல் நேரத்தில் மேலும் மூன்று கோல்கள் வாங்கி 4-1 என முடிந்தது. 2016இல் மிலான் நகரில் க்ரீஸ்மன் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கராஸ்கோ சமன் செய்து கொடுத்த நம்பிக்கை, பெனால்டி உதைகளின்போது ஹுவான்ஃபிரான் அடித்த பந்து கம்பத்தில் பட்டதோடு போனது. இவை மட்டுமல்ல. 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அத்லெட்டிகோவைச் சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றியது ரியல் ஒன்றேதான்.

ஆனால் அந்தச் சங்கத்துக்கு இந்த வலி புதிதல்ல. 1974இல் பிரஸ்ஸல்ஸில் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீகின் பழைய வடிவம்) இறுதியில், லூயிஸ் அரகோனேஸ் கூடுதல் நேரத்தில் அடித்த ஃப்ரீ கிக்கால் முன்னிலை பெற்றவர்கள், கடைசி நிமிடத்தில் ஷ்வார்ட்சன்பெக் வெகு தொலைவிலிருந்து அடித்த கோலால் அதை இழந்தார்கள்; இரண்டு நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் 4-0 எனத் தோற்றார்கள். அந்த அரகோனேஸ் பின்னர் அதே அணிக்குப் பல முறை பயிற்சியாளராகி, அங்கே அனைவராலும் போற்றப்பட்டவராக 2014 பிப்ரவரியில் மறைந்தார். அத்லெட்டிகோவை அதிக ஆட்டங்களில் வழிநடத்தியவர் என்ற அவருடைய சாதனையை 2023 மார்ச்சில் சிமியோனே கடந்தார். தோல்வியோடு நிற்பவரை அங்கே கைவிடும் வழக்கமில்லை.

மிலானுக்குப் பிறகு, யோசிக்க நேரம் வேண்டும் என்று சிமியோனே சொன்னபோது ரசிகர்கள் பதறியது அவர் போய்விடுவாரோ என்றுதான். அவர் போகவில்லை. 2018இல் ஐரோப்பா லீகை மறுபடி வென்று, அடுத்து எஸ்தோனியாவின் தால்லின் நகரில் ரியலை 4-2 எனத் தோற்கடித்து ஐரோப்பிய சூப்பர் கோப்பையையும் எடுத்து வந்தார்.

நடுக்கள வீரர்களே நல்ல பயிற்சியாளர்கள் ஆகிறார்களா?
– பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர், சென்னை

கார்டியோலா, அன்செலோட்டி, டெஷாம்ப்ஸ், சிடான், ஆர்டெட்டா, சாபி அலோன்சோ என்று நீளும் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடுக்களத்தில் நிற்பவருக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள். அனைவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் அவரால் ஒரு பந்தையும் கொடுக்க முடியாது. ஆனால் தாக்குதல் வீரராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனும், பெரிய ஆட்டக்காரராக இல்லாத மொரின்யோவும் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. ஆகவே இதை விதி என்று கொள்ள வேண்டாம்.

சிமியோனேயின் கதையிலேயே வேறொரு பாடம் உங்களுக்குப் பயன்படும். 2006 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் ராசிங் அணியில் ஆட்டக்காரராக விடைபெற்ற கையோடு அதே அணிக்குப் பயிற்சியாளரானார். அவ்வாண்டின் இறுதியிலேயே, 23 ஆண்டுகளாகப் பட்டம் காணாத எஸ்துதியாந்தெஸ் அணியைச் சாம்பியனாக்கினார். 2008இன் முதல் பாதியில் ரிவர் பிளேட் அணியோடு பட்டம் வென்றார்; அதே ஆண்டின் இரண்டாம் பாதியில் அதே ரிவர் பிளேட் பட்டியலின் அடிமட்டத்துக்குச் சரிய, பதவியை விட்டு விலகினார். அங்கே யாரும் அவருக்காகப் பாட்டுப் பாடவில்லை. ஆளும் அவரேதான், குணமும் அதேதான். அணியும் ஊரும் அவருக்குப் பொருந்தி வந்தது மாட்ரிட்டில்தான். உங்கள் மாணவர்களுக்கு எந்தப் பயிற்சிமுறை ஒத்துவரும் என்பதை அவர்களைப் பார்த்தே நீங்கள் முடிவுசெய்ய வேண்டும்.

அத்லெட்டிகோவுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், புதுச்சேரி

உண்டு. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோது கொல்கத்தா அணியின் பங்குதாரர்களில் அத்லெட்டிகோவும் ஒன்று. 'அத்லெட்டிகோ டி கொல்கத்தா' என்ற பெயரும் சிவப்பு-வெள்ளைச் சட்டையும் அங்கிருந்து வந்தவையே. முதல் பட்டத்தை வென்றதும் அந்த அணிதான். 2017இல் அந்த உறவு முடிந்தது.

2021க்குப் பிறகு அவர் கோப்பை வெல்லாமல் ஆண்டுகள் ஓடின. உலகிலேயே அதிக ஊதியம் பெறும் பயிற்சியாளர்களில் ஒருவர் என்றும் சொல்கிறார்கள். அந்த அன்பு இன்னும் அப்படியே இருக்கிறதா?
– வணிகர், மதுரை

அப்படியே இருக்கிறது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 2021 மே 22 அன்று வயாதோலித் நகரில், பார்சிலோனா வேண்டாம் என்று அனுப்பிவிட்ட லூயிஸ் சுவாரஸின் கோலால் 2-1 என வென்று இரண்டாம் லா லிகா பட்டத்தைப் பெற்றபோது, பெருந்தொற்றால் மைதானத்துக்குள் போக முடியாத ரசிகர்கள் வெளியே கூடி நின்று கொண்டாடினார்கள். அதற்குப் பின் வந்த நான்கு பருவங்களில் ஒரு கோப்பையும் இல்லை. 2022-23 சாம்பியன்ஸ் லீகில் தங்கள் பிரிவின் கடைசி இடம். 2024இல் ஹூலியன் ஆல்வரெஸ் உள்ளிட்டோரைப் பெரும் செலவில் வாங்கிய பிறகும் லீகில் மூன்றாம் இடம்தான். இவ்வளவு பணம் செலவழித்த அணி இன்னும் துணிந்து ஆட வேண்டும் என்று கேட்கும் ரசிகர்களின் குரல் வலுத்திருக்கிறது. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் கருதுகிறேன். முன்னிலை பெற்றவுடன் பின்வாங்கி நிற்கும் பழக்கம், இன்றைய அணியின் திறமைக்குப் பொருந்தவில்லை.

ஆனாலும் ஒரு நெருக்கடி வந்தால் அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதில் ஐயமில்லை. 2025 மார்ச் 12 அன்று ரியலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பெனால்டி உதைகளுக்குப் போனது. ஆல்வரெஸ் உதைக்கும்போது கால் வழுக்கி, பந்து இரண்டு கால்களிலும் பட்டதாகச் சொல்லி அவருடைய கோல் இரத்துசெய்யப்பட்டது, அத்லெட்டிகோ வெளியேறியது. ஆட்டத்துக்குப் பின் செய்தியாளர்களைச் சந்தித்த சிமியோனே, ஆல்வரெஸ் பந்தை இரண்டு முறை தொட்டதைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு ரசிகனும் கேட்க நினைத்த கேள்வி அது. சில மாதங்களில், தவறுதலாக இப்படி இரு முறை பட்டுக் கோலானால் பெனால்டியை மறுபடி உதைக்க வேண்டும் என்று விதியே தெளிவுபடுத்தப்பட்டது. 2023 நவம்பரில் போட்ட ஒப்பந்தப்படி அவர் 2027 வரைக்கும் கையெழுத்திட்டிருக்கிறார்.

இவரைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
– மாணவி, திருநெல்வேலி

2014 மே 17, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் நடந்த லா லிகாவின் கடைசி ஆட்டம். அத்லெட்டிகோவுக்குச் சமநிலை போதும். பார்சிலோனா வென்றால் பட்டம் அவர்களுக்கு. முதல் அரை மணி நேரத்துக்குள் கோஸ்டாவும் அர்தா துரானும் அடுத்தடுத்துக் காயம்பட்டு அழுதபடி வெளியேறினார்கள். சற்று நேரத்தில் அலெக்சிஸ் சாஞ்செஸ் குறுகிய கோணத்திலிருந்து இடியென ஒரு கோல் அடித்தார். எந்த அணியும் அங்கே குலைந்துபோயிருக்கும். இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களில் கிடைத்த கார்னரில் கோதின் உயர எழும்பித் தலையால் முட்டிச் சமன் செய்தார். எஞ்சிய நேரம் முழுவதும், நான் மேலே விவரித்த அந்த இரண்டு வரிசைகளையும் நீங்கள் கண்ணாரப் பார்க்கலாம். ஆட்டம் 1-1 என முடிந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் அத்லெட்டிகோவுக்குப் போனபோது, பட்டத்தை இழந்த பார்சிலோனாவின் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆட்டத்தின் முழுப் பதிவும் கிடைத்தால் சுருக்கக் காட்சிகளை விட்டுவிட்டு அதையே பாருங்கள். கோல்கள் விழாத நிமிடங்களில்தான் சிமியோனே அதிகம் தெரிவார்.